பருவமா, பதமா?

இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டக்காரருக்குக் குளிர்காலத்தில் இரண்டு வேலைகள் பரம்பரையாகச் சொல்லப்பட்டு வருகின்றன. காய்கறிப் பாத்தியை ஒரு ஸ்பேட் ஆழத்துக்குப் புரட்டி உறைபனிக்குத் திறந்துவிடுவது ஒன்று. ஃபோர்க் என்னும் நான்கு பல் கருவியால் புல்தரை முழுக்கத் துளையிடுவது மற்றொன்று. இரண்டின் நோக்கமும் மண்ணுக்குள் காற்றைச் செலுத்துவதுதான். அந்த நோக்கத்தோடு யாருக்கும் சண்டையில்லை. இந்த மாதங்களில், இந்தக் கருவிகளால் அது நிறைவேறுகிறதா என்பதையே இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது. கேள்வி நமக்கு அவ்வளவு தூரமானதும் அல்ல. ஹாரோவிலும் வெம்பிளியிலும் வீட்டுக்குப் பின்னால் துண்டு நிலம் வைத்துக் கீரையும் தக்காளியும் போடும் தமிழர்களின் காலடியில் இருப்பது, இந்தச் சர்ச்சையின் மையமான லண்டன் களிமண்.

முதலில் தேவையைப் பார்ப்போம். நல்ல தோட்ட மண்ணின் கன அளவில் ஏறக்குறையப் பாதிதான் திடப்பொருள். மீதி துளைகள், அவற்றை நீரும் காற்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. மழை ஓய்ந்ததும் பெரிய துளைகள் வடிந்து காற்றுக்கு வழிவிடுகின்றன, சிறியவை நீரைப் பிடித்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீருக்குள் பரவுகிறது. ஆகவே பெரிய துளைகள் மிதிபட்டு அடைந்துபோன மண்ணில் வேர் திணறும் என்ற வாதம் முற்றிலும் சரி. ஆனால் வேரும் நுண்ணுயிரும் சுவாசிக்கும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. பத்து டிகிரி குறைந்தால் அது ஏறக்குறையப் பாதியாகிறது. தென் இங்கிலாந்தில் கோடை உச்சத்தில் பதினேழு, பதினெட்டு டிகிரியில் இருக்கும் மேல்மண் ஜனவரியில் நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஐந்தாறு டிகிரிக்குக் கீழே புல் வளர்ச்சியையே நிறுத்திவிடும். ஆக, மண் ஆண்டிலேயே மிகக் குறைவாகக் காற்றைக் கேட்கும் மாதத்தில் நாம் அதற்குக் காற்று பரிமாறப் புறப்படுகிறோம்.

இதை மட்டும் வைத்து வழக்கைத் தள்ளுபடி செய்வது நியாயமாகாது. குளிர்காலத்தில் செய்யும் வேலையின் பலன் வசந்தத்தில் வரும் என்பதே மரபின் வாதம். அந்த வாதத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அதன் முன்னோடி ஜெத்ரோ டல். 1731இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய குதிரைக் களைகொத்து வேளாண்மை நூல், மண்ணைப் பொடியாக்குவதே பயிருக்கு உணவூட்டுவது என்று நிறுவப் பார்த்தது. வேர்கள் நுண்ணிய மண் துகள்களையே உண்கின்றன என்று அவர் நம்பினார். கோட்பாடு தவறு. ஆனால் அவர் வற்புறுத்திய வரிசை விதைப்பும் களையெடுப்பும் நல்ல பலன் தந்தன. தவறான கோட்பாடு அந்தப் பலனின் நிழலில் ஒதுங்கி நெடுங்காலம் பிழைத்துக்கொண்டது. விக்டோரியா காலத்துப் பெரிய வீட்டுத் தோட்டங்களில் வேலைக்காரர்கள் இரண்டு ஸ்பேட் ஆழம், அதாவது சுமார் அரை மீட்டர், தோண்டிப் புரட்டியது டல் தொடங்கிவைத்த நம்பிக்கையின் உச்சம். உழைப்பின் அளவே தரத்தின் அளவு என்ற எண்ணம் ஆங்கிலத் தோட்டக்கலையில் அங்கேதான் வேரூன்றியது என்பது என் கணிப்பு.

இந்த மரபுக்குச் சேர வேண்டிய ஒரு பாராட்டு உண்டு. அது மண்ணைப் பிரித்துப் பார்த்தது. கனத்த களியை அக்டோபர், நவம்பரிலேயே புரட்டிப் பெரிய கட்டிகளாக விட்டுவிடு, மணற்பாங்கான நிலத்தை வசந்தம் வரை தொடாதே என்றது பழைய விதி. களிக்கட்டிகளை உடைக்கும் வேலையை உறைபனியிடம் ஒப்படைத்தது. இன்று பரவலாகச் சொல்லப்படும் 'குளிர்காலத்தில் மண்ணைக் கிளறுங்கள்' என்ற அறிவுரையில் மண்ணின் வகையும் இல்லை, மாதத்தின் துல்லியமும் இல்லை. முன்னோர் சொன்னதைச் சுருக்கும்போது சாரமே விழுந்துவிட்டது.

உறைபனி என்னதான் செய்கிறது? தோட்ட நூல்கள் தரும் விளக்கம் எல்லாருக்கும் தெரிந்தது: நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிகிறது, அந்த விரிவு கட்டியைப் பிளக்கிறது. கேட்க நன்றாக இருக்கும் இந்த விளக்கத்தை அமெரிக்க நிலவியலாளர் ஸ்டீஃபன் டேபர் 1929, 1930ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுகளில் அடியோடு குலைத்துவிட்டார். அவர் நீருக்குப் பதிலாக பென்சீனால் மண்ணை நனைத்து உறைய வைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும் திரவம். விரிவுதான் காரணம் என்றால் அந்த மண் எழும்பியிருக்கக் கூடாது. எழும்பியது. உறையும் முகப்பு சுற்றியுள்ள மண்ணிலிருந்து திரவத்தைத் தன்னை நோக்கி இழுத்து, படலம் படலமாக உறைகட்டிகளை வளர்க்கிறது என்பதே டேபர் கண்ட உண்மை. குளிர்நாடுகளில் சாலைகள் பனிக்காலத்தில் மேடுதட்டுவது ஏன் என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஆய்வு இது. எந்தத் தோட்டக்காரரையும் மனத்தில் வைத்து அவர் எழுதவில்லை. ஆனால் தோட்டத்துக்கு அதன் பொருள் மிகப் பெரிது. பனிப்படலம் நீரை இழுத்துக்கொள்ளும்போது, இரண்டு படலங்களுக்கு நடுவே சிக்கிய களி நீரை இழந்து சுருங்கி வெடிக்கிறது. உருகிய பிறகு படலம் இருந்த இடம் இடைவெளியாக நிற்கிறது. பனி களியை உடைப்பது அதை உலர்த்துவதன் மூலம்.

இது தமிழ் வேளாண்மைக்குப் புதிய செய்தியே அல்ல. வெயிலை வைத்து நாம் செய்வதை அவர்கள் பனியை வைத்துச் செய்கிறார்கள். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது திருக்குறளின் உழவு அதிகாரம். எருவே வேண்டாம் என்பது மிகைதான். உழுவதைவிட எருவிடுதல் நன்று என்று அடுத்த குறளிலேயே வள்ளுவர் சமன் செய்துவிடுகிறார். ஆனால் முதல் பாதியை இன்றைய மண்ணியல் மறுக்கவில்லை. காய்ந்து மறுபடி நனையும் மண்ணில் தழைச்சத்து திடீரென்று வெளிப்படுவதை எச். எஃப். பர்ச் என்ற ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் அளந்து 1958இல் எழுதினார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கோடையில் காலை விழுங்கும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதும், 1976 வறட்சியில் லண்டன் களி சுருங்கி வீட்டுச் சுவர்களில் விரிசல் விட்டதும் ஒரே இயல்பின் இரண்டு வெளிப்பாடுகள். சுருங்கி வெடிக்கும் களி ஆண்டுக்கு ஒருமுறை தனக்குத் தானே காற்று வழி திறந்துகொள்கிறது.

எனவே பனி நல்ல வேலைக்காரன்தான். எதுவரை? தென் இங்கிலாந்தின் சாதாரணக் குளிர்காலத்தில் உறைபனி மண்ணுக்குள் இறங்குவது சில செ.மீ. மட்டுமே. 1962-63இல் வந்ததுபோன்ற கடுங்குளிர் விதிவிலக்கு. அரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, அதைப் பனி பொடியாக்கும் என்று காத்திருப்பதில் கணக்கே பொருந்தவில்லை. இன்னொரு குறையும் உண்டு. பனி தரும் பொலபொலப்பு உறுதியற்றது. அதைக் கட்டிப்போட மட்கும் வேரும் பூஞ்சை இழைகளும் வேண்டும். அவை இல்லாத வெற்றுக் களியில், பிப்ரவரி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் அந்தப் பொலபொலப்பு கூழாகக் கரைந்து மேலே பொருக்குத் தட்டிவிடும்.

இதுவரை பேசியது பனியைப் பற்றி. கருவியின் கதை இதைவிட மோசம். ஜனவரி மாதத்தில், இரண்டு வாரம் மழை பெய்து ஓய்ந்த களிமண் தோட்டத்தில் ஸ்பேடை மிதித்து இறக்கி ஒரு கட்டியை வெட்டி எடுத்துப் பாருங்கள். இரும்பு பட்ட முகம் கண்ணாடிபோல் மின்னும். விரலால் தடவினால் வெண்ணெய் வழுக்கல். அந்த மினுக்கம் அழகல்ல, சேதம். தகடுபோன்ற களித்துகள்கள் ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்று வழுகிப் படிந்து, இருந்த துளைகளை மெழுகிவிட்டன. பக்கத்தில் ஃபோர்க்கைக் குத்தி எடுங்கள். துளையின் சுவரிலும் அதே மெழுகல், அடியில் பல்லின் முனை அமுக்கிய ஒரு திண்மை. சிறிது நேரத்தில் துளை நீரால் நிரம்பி அப்படியே நிற்கும். காற்றுக்கென்று திறந்த வழி கிணறாகிவிட்டது.

இதற்கு நம் உழவர்களிடம் துல்லியமான பெயர் இருக்கிறது: சேற்றுழவு. நெல்வயலில் நீரைக் கட்டி உழுது மண்ணின் கட்டமைப்பை வேண்டுமென்றே குலைத்து, நீர் கீழிறங்காமல் அடைக்கிறோம். நெல்லுக்கு அது சரி. அதன் வேருக்குத் தண்டுவழியே காற்று இறங்கும் அமைப்பு இருக்கிறது. கேரட்டுக்கும் புல்தரைக்கும் அப்படி இல்லை. ஈரக் களியில் ஜனவரியில் இரும்பை இறக்கும் ஆங்கிலத் தோட்டக்காரர் புழுதி உழவு செய்வதாக நினைத்துக்கொண்டு சேற்றுழவு செய்கிறார். இந்தப் பழக்கத்தின் மீது நான் வைக்கும் முதன்மைக் குற்றச்சாட்டு இதுதான். மற்றக் குறைகள் திறமையைப் பொறுத்தவை. இது முறையிலேயே உள்ள முரண்.

புல்தரைக்கு வருவோம். மிதியால் வரும் இறுக்கம் பெரும்பாலும் மேலே உள்ள ஐந்து முதல் எட்டு செ.மீ.க்குள்தான் இருக்கிறது. ஃபோர்க் பத்து செ.மீ. இறங்கினால் அந்தப் படலத்தைத் தாண்டிவிடும். ஆழத்தில் குறையில்லை. பரப்பில்தான் இருக்கிறது. ஒரு குத்தில் விழும் நான்கு துளைகளின் மொத்த வாய் ஏறக்குறைய மூன்று சதுர செ.மீ.; குத்துபவரின் ஒரு பூட்ஸ் அடி சுமார் இருநூறு சதுர செ.மீ. ஐம்பது சதுர மீட்டர் புல்தரைக்கு நெருக்கமாகக் குத்தினால் ஏறக்குறைய இரண்டாயிரம் குத்து. குத்துக்கு ஒரு மிதி. வறண்ட செப்டம்பர் தரையில் அந்த மிதி ஒன்றும் செய்யாது. நனைந்த ஜனவரித் தரையில் ஃபோர்க் திறப்பதைவிட அதிகத்தைக் கால் அடைக்கும். பலகை போட்டு நின்று பின்னோக்கி நகர்பவர் இந்தக் குறையைக் கணிசமாகக் குறைக்கிறார். குத்தியபின் பிடியை லேசாகப் பின்னால் சாய்த்து மண்ணை நெம்புபவர், வெறும் துளையோடு நிற்காமல் துளைகளுக்கு நடுவே விரிசலும் உண்டாக்குகிறார். அது மெய்யான ஆதாயம். ஆனால் நெம்பும்போது விரிசல் விட மண்ணுக்கு ஒரு நொறுங்கும் தன்மை வேண்டும். ஈரக் களி நொறுங்காது. பிசைந்து வளைந்து கொடுக்கும்.

ஆணி பதித்த செருப்பைக் கட்டிக்கொண்டு நடக்கும் முறையை நீண்ட ஆய்வுக்கு உட்படுத்தத் தேவையில்லை. மண்ணை வெளியே எடுப்பதுமில்லை, நெம்புவதுமில்லை. உடல் எடை முழுவதையும் செலுத்திப் பக்கவாட்டில் நெருக்குகிறது. நிராகரிக்க வேண்டியது.

குழல்பல் கருவி வேறு தரம். அது மண்ணை நெருக்காமல் விரல் தடிமனில் உருளைகளாக வெட்டி மேலே துப்புகிறது. இடம் காலியாவதால் சுற்றியுள்ள மண் தளர முடிகிறது. மிகைப்படுத்தல் இங்கும் உண்டு. பன்னிரண்டு மி.மீ. அகலத் துளைகளைப் பத்து செ.மீ. இடைவெளியில் இட்டால், ஒருமுறை ஓட்டுவதில் தரையின் பரப்பில் எடுக்கப்படுவது ஒரு சதவீதத்துக்குச் சற்றே மேல். ஒரே ஆண்டில் புல்தரையை மாற்றிக்காட்டும் என்று சொல்வது பொய். ஆண்டுதோறும் செய்து, துளைக்குள் மணலும் மட்கும் கலந்த மேலுரத்தைத் துடைப்பத்தால் தள்ளி நிரப்பினால்தான் பலன் சேரும். காலக்கேள்வி கடுமையாக எழுவது இந்த இடத்தில்தான். நனைந்த மேலுரம் துளைக்குள் இறங்காது, இலைமேல் அப்பும். வளராத புல் துளையின் வாயை மூடாது. அந்த வெற்றிடத்தைப் பாசியும் களையும் எடுத்துக்கொள்ளும். அரச தோட்டக்கலைக் கழகம் இந்த வேலைக்கு இலையுதிர்காலத்தைச் சொல்வதும், உறைபனி படிந்த புல்தரையில் நடக்காதீர்கள் என்று எச்சரிப்பதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. உறைந்த இலையை மிதித்தால் செல்கள் உடைந்து காலடித்தடம் அப்படியே கருகிப் பல வாரம் நிற்கும்.

எதிர்த்தரப்பின் மிக வலிமையான சாட்சியை மறைக்கக் கூடாது. கோல்ஃப் மைதானக்காரர்கள் கத்திபோன்ற பற்களால் தரையில் கீறல் போடுவது குளிர்காலத்தில்தான், மாதம் தவறாமல். அதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கோடையில் போட்ட கீறல் வறட்சியில் வாய்பிளந்து, பந்து உருளும் தரையைக் கெடுத்துவிடும். அவர்களுக்குக் குளிர்காலமே உரிய பருவம். ஆனால் அவர்கள் வேலை செய்வது பெரும்பாலும் மணல் கலந்து அமைத்த, அடியில் வடிகால் குழாய் ஓடும் தரையில். மணல் ஈரத்தில் மெழுகாது. அவர்களின் நாட்காட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களின் மண் இல்லாமல் அதைப் பின்பற்றும் வீட்டுத் தோட்டக்காரர் முறையைக் கற்கவில்லை, தோற்றத்தைக் கற்றார்.

இனி, தோண்டவே வேண்டாம் என்பவர்களின் வழக்கு. அதன் முதல் சாட்சி சார்லஸ் டார்வின். 1842இல் கென்ட் மாவட்டத்து டவுன் கிராமத்தில் தன் வீட்டருகே ஒரு நிலத்தில் சுண்ணக்கட்டிகளைப் பரப்பிவைத்து, 29 ஆண்டு கழித்து 1871இல் குறுக்கே பள்ளம் வெட்டிப் பார்த்தார். சுண்ணம் ஏழு அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. மண்புழுக்கள் கீழிருந்து மேலே கொண்டுவந்து கொட்டிய மண் அதை மூடியிருந்தது. 1881இல் வெளிவந்த அவருடைய மண்புழு நூலில் இந்தப் பொறுமையான அளவீடு இருக்கிறது. முறையின் தூய்மையில் இதற்கு நிகராக இந்தத் துறையில் நான் வேறொன்றை வைக்க மாட்டேன். மண்புழுவின் வளை ஃபோர்க் துளையைவிட எல்லா வகையிலும் மேல். ஆழமானது, கிளைப்பது, சுவரில் எச்சம் பூசப்பட்டு உறுதியாக நிற்பது. மிதமான, ஈரமான குளிர்கால இரவுகளிலும் வேலை நடக்கிறது. அந்தப் புழு மேலே தள்ளும் எச்சக்குவியல் புல்தரையின் அழகைக் கெடுக்கிறது என்று குளோர்டேன் ஊற்றிக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. காற்றோட்டத்துக்குக் கருவி வாங்கிய அதே கைகள்தான் அந்த நஞ்சையும் வாங்கின.

இரண்டாம் சாட்சி ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையம். பி. ஏ. கீனும் ஈ. டபிள்யூ. ரஸ்ஸலும் 1930களில் அங்கே பல ஆண்டு உழவுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கூடுதலாக உழுததால் விளைச்சல் கூடவில்லை. உழவின் பெரும்பயன் களை அடங்குவதே என்று தெரிந்தது. டல் போட்ட அடித்தளம் ஆட்டங்கண்ட இடம் அது. 1943இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃபாக்னர் எழுதிய உழவனின் பிழை என்ற நூல் இதே திசையில் போனாலும், வேகம் அதிகம், அளவீடு குறைவு. கலப்பையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதோடு அதன் சாதனை முடிகிறது.

இன்று இந்தத் தரப்பின் முகமாக இருப்பவர் சார்லஸ் டௌடிங். சாமர்செட்டில் அவருடைய ஹோமேக்கர்ஸ் தோட்டத்தில் 2013 முதல் இரண்டு பாத்திகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே அளவு மட்கு. ஒன்றைத் தோண்டி மட்கைப் புதைக்கிறார். மற்றதில் மேலே பரப்புவதோடு சரி. அறுவடையை எடைபோட்டு எழுதிவைக்கிறார். மொத்தக் கணக்கில் தோண்டாத பாத்தி முந்துகிறது. வெளிப்படைத்தன்மைக்கும் விடாமுயற்சிக்கும் முழு மதிப்பெண் தரலாம். சோதனையாக அதன் வரம்புகளையும் சொல்லியாக வேண்டும். ஒரே தோட்டம், ஒரே இணை, இரண்டையும் கவனிப்பது ஒரே கை. பயிருக்குப் பயிர் முடிவு மாறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் இடும் அளவுக்குத் தரமான மட்கு கிடைப்பது எல்லாருக்கும் வாய்க்காது. புதிதாகக் கட்டிய வீட்டின் பின்னால், கட்டுமான வண்டிகள் ஏறி இறங்கி நசுக்கிய களியில் மேலே மட்கைப் பரப்பிவிட்டு மண்புழுவுக்காகக் காத்திருக்கச் சொல்வது கொடுமை. அங்கே ஒருமுறை ஆழமாகக் கிளறித்தான் ஆகவேண்டும். தோண்டாமை ஒரு தொடர் ஒழுக்கமாகச் சிறந்தது. முதல் சிகிச்சையாக எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

என் தீர்ப்பு இது. மண்ணுக்குக் காற்று வேண்டும் என்ற நோக்கம் நிற்கிறது. உறைபனி உதவும் என்ற நம்பிக்கை, பழைய விளக்கம் விழுந்த பிறகும், சில செ.மீ. ஆழத்துக்கு நிற்கிறது. களிப்பாத்தியை இலையுதிர்காலத்தில், மழை வலுக்கும் முன் புரட்டிவிடும் பழைய விதி நிற்கிறது, அதற்கு மட்குத் துணை இருந்தால். புல்தரையில் குழல்பல் ஓட்டுவது செப்டம்பர் வேலையாக நிற்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் ஈரக் களியில் இரும்பை இறக்குவது நிற்கவில்லை. அதைக் குளிர்கால வேலைப் பட்டியல்களிலிருந்து எடுத்துவிட வேண்டும். தேங்கிய நீரை வடிக்கவே குத்துகிறேன் என்பவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அடியில் போக வழியில்லாத நீர் துளையில் போய் நிற்கும், வடியாது.

பருவத்தைப் பார்த்து வேலையைத் தொடங்கியது இந்த மரபின் பிழை. நம் உழவர் மாதம் சொன்னாலும், பதம் பார்த்த பிறகே ஏர் பூட்டுவார். அந்தப் பதத்தை அளக்க ஸ்வீடன் நாட்டு ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911இல் வகுத்த அளவுகளே இன்றைக்கும் மண் ஆய்வுக்கூடங்களில் பயன்படுகின்றன. வீட்டில் செய்ய உள்ளங்கை போதும். விரல் ஆழத்திலிருந்து நெல்லிக்காய் அளவு மண்ணை எடுத்து உருட்டுங்கள். மூன்று மி.மீ. தடிமனில் உடையாத நூலாக நீண்டால் ஃபோர்க்கைக் கொட்டகையிலேயே விட்டுவிடுங்கள். அந்தத் தடிமன் வருவதற்குள் உதிர்ந்தால், ஜனவரியானாலும் வேலை செய்யலாம். லண்டன் களியில் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே அப்படி உதிரும் நாள்கள் மிகக் குறைவு.